நேதாஜி கையெழுத்துள்ள கடிதம் விலைக்கு வந்தால்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 46, உட்லண்ட்ஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். என் தாத்தா ஜொகூரில் பால்மரம் சீவியவர், 1943இல் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தார். அவர் நினைவாகப் பல நாட்டுப் புரட்சியாளர்கள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தியாவிலிருந்து ஒருவர், நேதாஜி சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 6,500 வெள்ளி கேட்கிறார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரே பக்கம். மேலே ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) தற்காலிக அரசாங்கத்தின் லெட்டர்ஹெட், தேதி 1943 செப்டம்பர் 12, கீழே நீல மையில் கையெழுத்து. சர்டிஃபிகேட் உண்டாம். பழைய புத்தகங்களுக்கு நடுவே வைத்து, அன்பளிப்பு என்று எழுதிக் கூரியரில் அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். இந்த வாரத்துக்குள் பாதிப் பணம் வேண்டுமாம். வாங்கலாமா? இன்னொன்று. தாத்தாவின் பிஸ்கட் டின்னில் ஒரு இந்திய சுதந்திர லீக் உறுப்பினர் அட்டை, அந்த லீக்குக்குப் பாட்டி தோடு கொடுத்ததற்கான ரசீது, தாத்தா முகாமிலிருந்து எழுதிய ஒரு கடிதம் இருக்கின்றன. பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. லேமினேட் செய்துவிடட்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

பணம் அனுப்பாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டுமே செய்தபின் திருத்த முடியாதவை. காரணங்களைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் என் கண் முதலில் போனது கையெழுத்துக்கு அல்ல, தேதிக்கு. நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது 1943 ஜூலை 2. ஜூலை 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங்கில் படை அணிவகுப்பு. ஆகஸ்ட் 25ஆம் தேதி ராணுவத்தின் நேரடித் தலைமையையும் எடுத்துக்கொண்டார். ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசாங்கம் அதே கேத்தேயில் அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21ஆம் தேதி. உங்கள் கடிதத்தில் இருப்பதோ செப்டம்பர் 12. பிறக்காத அரசாங்கத்தின் லெட்டர்ஹெட்டில் அதன் தலைவர் ஐந்து வாரம் முன்னதாகவே கடிதம் எழுதியிருக்கிறார்.

விற்பவரிடம் இதைச் சொன்னால், அரசாங்கம் அமைக்கும் எண்ணத்தை நேதாஜி ஜூலையிலேயே வெளிப்படுத்திவிட்டாரே, தாளை முன்கூட்டியே அச்சடித்திருக்கலாமே என்று வாதிடுவார். ஜூலையில் சொன்னது உண்மைதான். அச்சகத்தில் தாள் தயாராகிக் கிடந்திருக்கலாம் என்றுகூட வைத்துக்கொள்வோம். அறிவிக்கப்படாத அரசாங்கத்தின் பெயரில் கடிதம் வெளியே போயிருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியாது. செப்டம்பரில் அவர் எழுதியிருந்தால் லீக்கின் தாளிலோ படைத் தலைமையகத்தின் தாளிலோ எழுதியிருப்பார். நேதாஜியைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இந்த ஒரு தேதியை மட்டும் வைத்துக்கொண்டே நான் இதை வேண்டாம் என்பேன்.

ஆனால் நாளைக்கே இன்னொருவர் நவம்பர் தேதியிட்ட கடிதத்தோடு வருவார். லெட்டர்ஹெட் சரியாக இருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்? தலைவர் அன்றைக்கு எந்த ஊரில் இருந்தார் என்று பாருங்கள். 1943 நவம்பர் 5, 6 தேதிகளில் நேதாஜி தோக்கியோவில் மகா கிழக்காசிய மாநாட்டில் இருந்தார். அந்த டிசம்பரின் கடைசி நாட்களில் அந்தமானில். 1944 ஜனவரியில் தலைமையகமே ரங்கூனுக்குப் போய்விட்டது. அந்தத் தேதிகளில் சிங்கப்பூர் முகவரியோடு ஒரு கடிதம் கிடைத்தால், அங்கேயே நின்று கேள்வி கேட்க வேண்டும். பாரதியார் விஷயத்திலும் இப்படித்தான். அவர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது செய்யப்பட்டார். 1913இல் திருவல்லிக்கேணியில் தபாலில் சேர்த்த பாரதி கடிதம் என்று யாராவது காட்டினால் பூதக்கண்ணாடிகூடத் தேவையில்லை. தலைவர்களின் நாள்வாரி வாழ்க்கைக் குறிப்புகள் நம் தேசிய நூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் போய் உட்கார்ந்தால், பல ஆயிரம் வெள்ளி காப்பாற்றப்படும்.

இந்தத் துறையில் நான் எல்லோரிடமும் வற்புறுத்தும் ஒரே விஷயம், கையெழுத்துக்கு விலை கொடுக்காதீர்கள், கடிதம் வந்த வழிக்கு விலை கொடுங்கள் என்பதுதான். யாருக்கு எழுதப்பட்டது? அவர் இறந்தபின் யார் கைக்குப் போனது? எந்த வருஷம், எந்தக் கடையில், எந்த ஏலத்தில் கைமாறியது? ரசீது உண்டா? பெற்றவரின் மகனோ பேத்தியோ எழுதிக்கொடுத்த தாள் உண்டா? இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் சந்தேகப்படலாம், விசாரிக்கலாம். சங்கிலியே இல்லையென்றால், கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் தாள். “பழைய ஜமீன் வீட்டில் கிடைத்தது”, “பெயர் சொல்ல விரும்பாத குடும்பம்” என்பதெல்லாம் வழி ஆகாது. கேட்டதும் விற்பவர் கோபப்பட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நேர்மையான வியாபாரி இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்.

நேதாஜியின் சிங்கப்பூர்த் தாள்களுக்கு இந்த வழி குறிப்பாகக் கரடுமுரடானது. 1945 ஜூலை 8ஆம் தேதி எஸ்பிளனேடில் ஐ.என்.ஏ. வீரர்களுக்கான நினைவுச்சின்னத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். இரண்டு மாதத்தில், திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் அதை இடித்துத் தள்ளியது. (இப்போது அந்த இடத்தில் நீங்கள் பார்க்கும் அடையாளப் பலகை 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம் வைத்தது.) கல்லையே விட்டுவைக்காதவர்கள் திரும்பி வரும்போது, வீட்டில் தாள் வைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அடுப்பில் போட்டவர்களின் பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தலையணைக்குள் வைத்துத் தைத்தவர்களின் பிள்ளைகளும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உண்மையான கடிதம் ஒன்று தப்பிப் பிழைத்திருந்தால், அது எப்படித் தப்பியது என்ற கதையும் அந்தக் குடும்பத்தில் கட்டாயம் இருக்கும். யாரும் சும்மா மறந்துவிடக்கூடிய சங்கதி அல்ல அது.

இனி தாளுக்கும் மைக்கும் வருகிறேன். இதில்தான் என் வேலை நாள் பெரும்பகுதி போகிறது, கொஞ்சம் நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தாள் பெரும்பாலும் மட்டமான மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும்; அமிலம் கூடி நார் முறியும். உங்கள் தாத்தாவின் தாள்கள் ஓரம் உதிர்வது அதனால்தான். போலி செய்பவர்கள் இந்தப் பழுப்பைத் தேத்தண்ணீரிலும் அடுப்புச் சூட்டிலும் கொண்டுவரப் பார்ப்பார்கள். அது தாள் முழுக்க ஒரே சீராக இறங்கியிருக்கும். இயற்கையாக முதிர்ந்த தாளில் ஓரம் அதிகமாகவும் நடு குறைவாகவும், மடிப்பின் வெளிப்பக்கம் அழுக்காகவும் உள்பக்கம் வெளிறியும் இருக்கும்.

புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. தாளை வெண்மையாக்கும் ஒளிர்வுப் பொருள்கள் ஆலைகளில் பரவலானது 1950க்குப் பிறகுதான். இருட்டறையில் டார்ச் அடித்ததும் தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஜொலித்தால், அது 1943ஆம் ஆண்டுத் தாள் இல்லை என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். 1983இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று ஜெர்மன் வார இதழ் ஒன்று பெருந்தொகை கொட்டிக்கொடுத்து வாங்கிய நோட்டுகள் பிடிபட்டதும் இந்தப் பொருளால்தான். அந்த விவகாரத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது, என் கருத்தில் அதுவே பெரிய பாடம். கையெழுத்து நிபுணர்கள் அந்த நோட்டுகளை முதலில் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாதிரிகளிலும் அந்த நோட்டுகளைத் தயாரித்த அதே கொன்ராட் கூயாவு எழுதிய போலிகள் கலந்திருந்தன. போலியைப் போலியோடு ஒப்பிட்டால் பொருந்தத்தானே செய்யும்! அதனால் ஒப்பிடும் மாதிரியை விற்பவரிடமிருந்து வாங்காதீர்கள், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு படத்தையும் நம்பாதீர்கள். நேதாஜிக்குக் கொல்கத்தாவின் நேதாஜி ஆய்வு மையமும் புதுடில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. 2016 முதல் நேதாஜி கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. மாதிரி அங்கிருந்து வரட்டும்.

டார்ச்சில் தாள் ஜொலிக்கவில்லை என்பதால் மட்டும் அது உண்மை ஆகிவிடாது. பழைய கணக்கு நோட்டுகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்துப் பயன்படுத்துவது இந்தத் தொழிலில் மிகப் பழைய தந்திரம். அப்போது மைதான் காட்டிக்கொடுக்கும். நாள்பட்ட தாளில் புது மையால் எழுதினால், மை ஊறாமலிருக்கத் தாளில் சேர்த்த பசை போய்விட்டதால் மை நார் வழியே கசிந்து மயிரிழை மயிரிழையாகப் பரவும். மடிப்பு இருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். கையெழுத்து மடிப்பைக் கடக்கிறதா? கடிதத்தை எழுதியபின் மடித்திருந்தால், மடிப்பில் மை உடைந்து உதிர்ந்திருக்கும். மடித்துக் கிடந்த தாளில் பின்னால் எழுதியிருந்தால், மை அந்த விரிசலுக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி இதற்குப் போதும். அதே கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. கோட்டின் இரு விளிம்பும் கனத்து நடு வெளிறியிருந்தால் ரப்பர் முத்திரையாக இருக்கலாம். பேனா எது என்பதையும் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரின் கடைசியில். நேதாஜி இறந்ததாக அறிவிக்கப்பட்ட தைப்பே விமான விபத்து நடந்ததோ அதே ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி.

கை ஓடிய வேகமும் பேசும். தினமும் பத்துத் தாளில் கையெழுத்துப் போடும் மனிதரின் கை தயங்காது. கோடு தொடங்கும்போதும் முடியும்போதும் மெலிந்து ஊசிமுனையாக ஓடும். பார்த்து வரைபவர் மெதுவாக வரைவார்; கோடு நடுங்கும், நடுவில் பேனாவை எடுத்து வைத்த இடம் தெரியும், முனைகள் மழுங்கியிருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: உலகத்தில் யாரும் ஒரே கையெழுத்தை இரண்டு முறை அச்சாகப் போடுவதில்லை. உங்கள் கடிதத்தின் கையெழுத்து ஏதோ ஒரு நூலில் அச்சான கையெழுத்தின் மேல் வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறதா? அப்படியானால் மகிழ வேண்டாம். அங்கிருந்துதான் அதை எடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் மற்ற நாட்டுப் புரட்சியாளர்களையும் சேர்க்க நினைப்பதால் ஒரு வார்த்தை. சே குவேரா கையெழுத்திட்ட கியூபா நோட்டு என்று நிறைய விற்கிறார்கள். அவர் 1959 நவம்பரில் கியூபா தேசிய வங்கியின் தலைவரானார். 1960ஆம் ஆண்டு நோட்டுகளில் ‘சே’ என்று அவர் கையெழுத்து அச்சடிக்கப்பட்டது. அழகான நினைவுப்பொருள், வாங்கி வைக்கலாம், ஆனால் அது அச்சு. அதற்கான விலையை மட்டும் கொடுங்கள். சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் நம் பாலஸ்டியர் பக்கத்து வில்லாவை மையமாக வைத்துத்தான் 1906இல் இங்கே தன் புரட்சிச் சங்கமான தொங்மெங்ஹுய்யின் கிளையைத் தொடங்கினார், அதனால் சிங்கப்பூர்ச் சேகரிப்பாளர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். ‘உலகம் எல்லோருக்கும் பொது’ என்று பொருள்படும் நான்கு சீன எழுத்துகளைத் தூரிகையால் எழுதிப் பலருக்கும் பரிசளித்தார். அவர் நிறைய எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதாலேயே போலியும் நிறைய. சீனத் தூரிகை எழுத்து என் துறை அல்ல. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், முதலில் தாய் ஜின் சாலையிலுள்ள அவர் நினைவகத்துக்குப் போய் அசல்களை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சர்டிஃபிகேட் பற்றிக் கேட்டீர்கள். அதில் யார் கையெழுத்திட்டிருக்கிறார், எதை ஆராய்ந்தார், தப்பென்று தெரிந்தால் பணம் திரும்புமா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் அது சான்றிதழ். விற்பவரே தன் கணினியில் அடித்து முத்திரை குத்தியதற்கு மதிப்பு ஒன்றும் கிடையாது. உங்களுக்கு வந்த படத்தில் ஆராய்ந்தவரின் பெயரே இல்லை.

அடுத்தது சட்டம். இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொண்டுவிடக்கூடாது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972ஆம் ஆண்டினுடையது. சிலையும் செப்பேடும்தான் தொல்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படியோ ஆவணமோ 75 வருஷம் கடந்திருந்தால் அதுவும் அந்தச் சட்டத்தின்படி தொல்பொருள்தான். 1943ஆம் ஆண்டுக் கடிதம் 2018லேயே அந்த வயதைத் தாண்டிவிட்டது. தனியார் அதை இந்தியாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. புத்தகங்களுக்கு நடுவே வைத்து அன்பளிப்பு என்று எழுதி அனுப்புவதாக அவர் சொல்கிறாரே, அதற்குப் பெயர் கடத்தல். கடிதம் போலியாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் இன்னும் மோசம்; கடத்தி வந்த ஆவணத்தை நீங்கள் வெளிச்சத்தில் யாரிடமும் காட்ட முடியாது, எந்த நிறுவனமும் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளாது, உங்கள் பிள்ளைகளுக்குச் சிக்கலைச் சொத்தாக விட்டுப்போவீர்கள். இங்கே சுங்கத்தில் பொய்யான விவரம் கொடுத்த குற்றம் வேறு சேரும். இந்தியாவிலிருந்து தேட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி வெளியே வந்து, இங்கிலாந்திலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு குடும்பத்தில் இருந்துவரும் கடிதங்கள் மட்டுமே உங்களுக்கு வாங்கத் தக்கவை. நாட்டுக்குள் வரும்போது உண்மையான விலையைச் சொல்லிப் பொருள் சேவை வரியைக் கட்டிவிடுங்கள். அந்த ரசீதும் பின்னாளில் கடிதம் வந்த வழிக்கு ஒரு சாட்சி.

விற்பவருக்கு நீண்ட பதில் எழுத வேண்டாம். தேதி பொருந்தவில்லை, சட்டப்படி அனுப்ப முடியாததை வாங்கமாட்டேன் என்று இரண்டே வரி போதும். அவசரப்படுத்துவதற்கு மயங்காதீர்கள். எண்பது வருஷம் காத்திருந்த தாள் இந்த வாரமே விலைபோக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, அவருக்குத்தான்.

இப்போது அந்த டின்னுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் கடைசியில் நாலு வரியில் எழுதியதுதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது.

நேதாஜியின் கடிதங்கள் தொகுப்பு நூல்களாகப் பல தொகுதிகள் வந்துவிட்டன. அவர் என்ன நினைத்தார், என்ன சொன்னார் என்பது உலகத்துக்குத் தெரியும். ஜொகூர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிய ஒரு தமிழர் முகாமிலிருந்து தன் மனைவிக்கு என்ன எழுதினார் என்பது யாருக்குத் தெரியும்? ஐ.என்.ஏ.வில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதிய ஒரு வரிகூட எங்கும் இல்லை. பெண்கள் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்த கூட்டங்களைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். அந்தத் தோடு இன்னாருடையது, இந்தத் தேதியில் இந்தக் கிளை பெற்றுக்கொண்டது என்று சொல்லும் தாளைக் கையில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். உங்கள் பாட்டி அதில் ஒருவர். விற்பனைச் சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடைக்காது. வரலாறு எழுதுகிறவருக்கு, தலைவரின் கையெழுத்து மட்டும் உள்ள சம்பிரதாயக் கடிதத்தைவிட இந்த ரசீது ஆயிரம் மடங்கு பேசும். நீங்கள் தேடிக்கொண்டிருந்த புரட்சியாளரின் கடிதம் ஏற்கனவே உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன். அது வந்த வழியில் சந்தேகமே இல்லை, தாத்தா, அப்பா, நீங்கள்.

அதனால் அதைக் காப்பாற்றும் முறையைக் கவனமாகக் கேளுங்கள். லேமினேட் செய்தால் சூடும் பசையும் தாளுக்குள் இறங்கும். அமிலம் உள்ளேயே அடைபட்டுத் தாளைத் தின்னும். பிறகு பிரிக்க முடியாது. ஒருகாலத்தில் பெரிய ஆவணக் காப்பகங்களே நல்லது என்று நினைத்து பிளாஸ்டிக் படலம் ஒட்டினார்கள், இன்று அதைப் பிரித்தெடுக்கப் பாடுபடுகிறார்கள். செலோடேப்பும் வேண்டவே வேண்டாம். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும்.

பிஸ்கட் டின்னை விட்டு வெளியே எடுங்கள். தகரம் துருப்பிடிக்கும், உள்ளே ஈரம் தங்கும். அமிலம் இல்லாத தாளில் செய்த உறைகளும் பெட்டியும் ஓவியப் பொருள் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய தாளைப் பாலியெஸ்டர் உறையில் வையுங்கள்; பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி உறை வேண்டாம், அது மையை உரித்துக்கொள்ளும். ரசீதில் குண்டூசியோ ஸ்டேப்பிளோ துருப்பிடித்திருந்தால் பிடுங்காதீர்கள், தாளும் சேர்ந்து வந்துவிடும். அதைத் தாள் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். மடித்தே கிடந்த கடிதத்தையும் வீட்டில் வலுக்கட்டாயமாக விரித்து அழுத்தாதீர்கள்.

நம் ஊரின் பெரிய எதிரி ஈரப்பதம். இங்கே காற்றில் ஈரம் எண்பது விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. எழுபதுக்கு மேல் தாளில் பூஞ்சை பிடிக்கும். ஏர்கான் அறையில் வைத்தால் போதும் என்று நினைப்பார்கள். இரவில் போட்டுப் பகலில் அணைக்கிற ஏர்கான், தாளைத் தினமும் சுருக்கி விரிக்கும், அது இன்னும் கெடுதல். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்துகிற ட்ரை கேபினட்டில் சிறியதாக ஒன்று வாங்கி, ஐம்பது விழுக்காட்டில் வைத்துவிடுங்கள். சமையலறைச் சுவருக்கும் குளியலறைச் சுவருக்கும் அருகே வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையோ வேப்பிலையோ வசம்போ தாளோடு சேர்த்துப் போடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. ஓலைச்சுவடிக்கு நம் முன்னோர் கண்ட வழி காகிதத்துக்கு ஒத்துவராது, கறை பிடிக்கும். ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்ட ஆசை இருந்தால், நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து அதன் பிரதியை மாட்டுங்கள். அந்தக் காலத்து மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும், வெளுத்தது திரும்பாது.

ஸ்கேன் செய்யும்போது தாளை உள்ளே இழுக்கும் இயந்திரத்தில் விடாதீர்கள், கண்ணாடிப் பலகை உள்ளதில் வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உறை எல்லாவற்றையும் எடுங்கள். உறை மிக முக்கியம். அஞ்சல் முத்திரையும் தணிக்கை முத்திரையும் அதில்தான் இருக்கும். ரசீதில் ஆண்டு 2603 என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் அது 1943தான். ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு ஏதாவது டின்னில் கிடந்தால் அதையும் பிரிக்காமல் கூடவே வையுங்கள். ஒன்றாகக் கிடந்தவை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

உங்கள் அப்பா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் காட்டி, அவர் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த எஸ்டேட், கிளைச் செயலாளர் யார், தாத்தா எப்போது திரும்பி வந்தார், டின் எந்தெந்த வீடு மாறியது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஐ.என்.ஏ.வின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்ததைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கோ படங்களோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அசலைக் கொடுக்க மனமில்லை என்றால், பிரதி மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை. முடிவு உங்கள் குடும்பத்தினுடையது, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். எதைக் கொடுத்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேகரிக்கும் ஆசையை நான் அணைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது நல்ல ஆசை. நேதாஜியிடமிருந்து தொடங்காமல், அவரோடு இருந்து நீண்ட நாள் வாழ்ந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து, மருத்துவம் படித்து, சிங்கப்பூரில் மருத்துவராக இருந்தபோது படையில் சேர்ந்தவர். 2012 வரை வாழ்ந்தார், கான்பூரில் கடைசிவரை நோயாளிகளைப் பார்த்தார். டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள்மேல் பிரிட்டிஷார் நடத்திய வழக்கில் நின்றவர்களில் தில்லானும் சேகலும் போருக்குப்பின் பல பத்தாண்டுகள் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் எழுதிய கடிதங்களுக்கு 75 வருஷச் சட்டச் சிக்கல் குறைவு, பெற்றவர்களே உயிரோடு இருக்கக்கூடும், விலையும் உங்கள் கைக்கு எட்டும். இங்கேயும் மலேசியாவிலும் உள்ள பழைய ஐ.என்.ஏ. குடும்பங்களை விசாரியுங்கள். விற்க மனமில்லாதவர்கள்கூடப் படிக்கக் கொடுப்பார்கள். வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில், யாரிடமிருந்து, எந்தத் தேதியில், என்ன விலைக்கு, அவர் சொன்ன கதை என்ன என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். முதல் பக்கத்தில் தாத்தாவின் கடிதத்தைப் பதியுங்கள். ரசீதில் உள்ள கிளை முத்திரையை என்னால் படத்தில் படிக்க முடியவில்லை. கொஞ்சம் அருகில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். எந்த ஊர்க் கிளை என்று பார்த்துச் சொல்கிறேன்.